சைலன்சர் பைப்புக்கு எந்த அளவு கிளாம்ப்?

போன செவ்வாய்க்கிழமை காலை முழுக்க ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். திருவொற்றியூரில், பிலோமினா வீட்டு வாசலில். முதுகுக்குக் கீழே கோணி. மூக்குக்கு மேலே துரு.

பிலோமினா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். அவள் கணவன் ராஜு என் தோஸ்து. அத்திப்பட்டு, வள்ளூர் பக்கம் அனல்மின் நிலையத்தில், பைப்லைன் கான்ட்ராக்டில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். எனக்குத்தான் ஓரிடத்தில் கால் நிற்காதே... நான் வேறு ஊர், வேறு வேலை என்று கிளம்பிவிட்டேன். ராஜு அங்கேயே இருந்தான். சாம்பல் தூசியா, வேறு ஏதாவதா? ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொன்று சொல்கிறார். எதுவானாலும், இப்போது அவனுக்கு நாலு படி ஏறினால் நெஞ்சு விசில் அடிக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்ப் பார்த்தார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும் திறந்த வண்டி. போகும்போது இருந்ததைவிட இறங்கும்போது மோசமாக இருந்தான். அதனால்தான் இந்தப் பழைய காரை வாங்கினார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகலாம் அல்லவா?

இப்போது அந்தக் காரே வண்டிக்குள் புகை விடுகிறது! வெளிப் புகைக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றினால், உள்ளே சொந்தப் புகை.

முன் சீட்டுக்குக் கீழே, சைலன்சர் பைப்பில் ஒரு ஜாயின்ட். ஒரு பைப் இன்னொன்றுக்குள் நுழைந்து நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த கிளாம்ப் உப்புக்காற்றில் மக்கி, எங்கேயோ விழுந்துவிட்டது. புதன்கிழமை காலை ராஜுவுக்குப் பெரிய டெஸ்ட். அதை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வெல்டிங் பட்டறையில் கேட்டாகிவிட்டது. "தகடு பேப்பராட்டம் கீதும்மா, நெருப்பு வெச்சா இன்னும் பெரிய ஓட்டை ஆய்டும்" என்று கையை விரித்துவிட்டார்கள். ஆக, கிளாம்ப்தான் வழி.

"நான் பாத்துக்கறேன் பிலோமி" என்றேன். பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிடப் பைப்போடு இருந்த காலம்தான் எனக்கு அதிகம். பைப்பைப் பற்றி எனக்கா ஒருவர் சொல்லித்தர வேண்டும்?

ஜாயின்ட்டைப் பிரித்தேன். பைப்பின் வாயில் ஸ்கேலை வைத்தேன். ஒன்றரை இஞ்சு, ஒரு நூல். எங்கள் வேலையில் எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்சு. நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சியிடம் போனேன். அளவைச் சொல்லி ஒரு யு கிளாம்ப் கேட்டேன். யு எழுத்துப்போல வளைந்த கம்பி, அதன் இரண்டு காலையும் கோத்து இறுக்க ஒரு குறுக்குப் பட்டை.

"வெளியளவுதானே சொல்லுதீய?" என்றார் அண்ணாச்சி.

"பைப் அளவு அண்ணாச்சி. பைப்புக்கு எத்தினி அளவு இருக்கு? ஒண்ணுதான்!"

"சரிதான், கோவப்படாதீய" என்று எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்து கோணியில் படுத்தேன். கிளாம்ப் பைப்பின் மேல் ஏறவில்லை. சாய்த்துப் பார்த்தேன். ஏறவில்லை. மனவுறுதி உள்ள மனிதன் அடுத்து என்ன செய்வான்? சுத்தியலை எடுப்பான். நான்கு அடி போட்டேன். கிளாம்ப் அப்படியே இருந்தது. பைப்பின் வாய்தான் நசுங்கியது.

பிலோமினா குனிந்து பார்த்தாள். "இன்னாண்ணா, மாட்றியா ஒடைக்கிறியா?"

"சின்ன கிளாம்ப் குடுத்துட்டாரு அண்ணாச்சி."

"நீ எங்க அளவு எடுத்த?"

"வாயிலதான். உள்ள."

"உள்ளயா?" சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஏண்ணா, ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கச் சொன்னா ஆளுக்கு உள்ள பூந்தா எடுப்பாங்க? மேல கட்டப்போற பட்டைக்கு மேலதான அளவு எடுக்கணும்!"

வாசல் நாற்காலியில் இருந்த ராஜுவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. "மாமு... பைப்லைன் புத்தி... இன்னும் போவல... உனுக்கு" என்றான்.

உண்மைதான். அனல்மின் நிலையக் குழாய் வேலையில் நாங்கள் கற்றது ஒன்றுதான். சின்ன சைஸ் பைப்புக்கு அதன் ஓட்டையின் அளவுதான் பெயர். எவ்வளவு தண்ணீர் போகும், எவ்வளவு நீராவி போகும் என்பதுதான் கணக்கு. குழாயின் உடம்பை யார் பார்த்தார்கள்? இந்தப் பக்கத்து மனிதர்களையும் அப்படித்தானே அளக்கிறார்கள்... இவர்கள் வழியாக எத்தனை டன் கரி போகும், எத்தனை கன்டெய்னர் போகும் என்று. ஒன்று ஓடுவதற்கு உள்ளளவு போதும். ஒன்றைப் பிடித்து நிறுத்த வெளியளவு வேண்டும். ராஜுவைப் பிடித்து நிறுத்தத்தான் இப்போது ஆள் தேவை.

நசுங்கிய வாய்க்குள் இரும்பு உருளையை விட்டு, தட்டித்தட்டி வட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பைப்புகளைக் கோத்தேன். பிலோமினா ஒரு துணிப் பட்டையை வெளிப் பைப்பைச் சுற்றி இழுத்து, முனை சேரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். அந்தப் பட்டையோடு இருவரும் அண்ணாச்சி கடைக்குப் போனோம்.

"என்னம்மா, காருக்குச் சட்டை தைக்கப் போறீயளா?"

"ஆமா அண்ணாச்சி. கை வெக்காத சட்டை" என்றாள் பிலோமினா.

மேஜைமேல் மூன்று விதம் வைத்தார். முதலாவது, திருகி இறுக்கும் மெல்லிய கிளிப். அது ரப்பர் ஓஸுக்கு. சைலன்சர் சூட்டிலும் ஆட்டத்திலும் தாங்காது. இரண்டாவது, சரியான அளவில் யு கிளாம்ப். பிடி பலம்தான். ஆனால் கம்பி படும் இடத்தில் மட்டும் அமுக்கும், பேப்பர் போன்ற தகட்டைக் கடித்துவிடும். அப்புறம் பிரிக்கவும் வராது. என் சுத்தியல் செய்தது போதாதா? மூன்றாவது, அகலப் பட்டை கிளாம்ப், துருப்பிடிக்காத எஸ்.எஸ். பைப்பை முழுக்கச் சுற்றி ஒரே சீராக இறுக்கும். எண்ணூர் உப்புக்காற்றுக்கும் ஈடுகொடுக்கும்.

மூன்றாவது. யோசிக்கவே இல்லை.

பிலோமினா துணிப் பட்டையை வளைத்து, கிளாம்பின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோடு சேர்ந்தது, இறுக்கக் கொஞ்சம் இடமும் மிச்சம் இருந்தது. அண்ணாச்சி பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தார்.

மாட்டினேன். என்ஜினை ஓடவிட்டு, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு பக்கம் முட்டை முட்டையாக நுரை வந்தது. கசிகிறது! அணைத்து, ஆறவிட்டு, தளர்த்தி, பட்டையைச் சற்றுத் திருப்பி மறுபடி இறுக்கினேன். இப்போதும் ஓரத்தில் ஒரு சின்ன முட்டை.

"விட்டுடுண்ணா, இது போதும்" என்றாள்.

"போதாது" என்றேன். போதும் போதும் என்று விட்டுத்தானே அவன் நெஞ்சு இந்த நிலைக்கு வந்தது? இன்னொரு முறை பிரித்தேன். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உள்பைப்பை இன்னும் ஆழமாகத் தள்ளி, மறுபடி இறுக்கினேன். நுரை வரவில்லை.

பிலோமினா தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றி, எண்ணூர் ஹைரோடில் ஒரு சுற்றுப் போய்வந்தாள். இறங்கியவுடன் முந்தானையை முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்லண்ணா. வண்டி ஓடறதே தெரில." சூடு ஆறியதும் கடைசியாக ஒரு தடவை நட்டை இறுக்கினேன். புது கிளாம்ப் முதல் சூட்டில் கொஞ்சம் இளகும், மறக்காதீர்கள்.

புதன்கிழமை காலை கிளம்பினோம். பிலோமினா ஓட்டினாள். பக்கத்தில் ராஜு. பின் சீட்டில் நான், என் கிளாம்ப் சாதனையை முதலிலிருந்து விவரித்துக்கொண்டு. பக்கவாட்டில் டிரெய்லர் லாரிகள் கரும்புகை கக்கின. ஒன்றும் உள்ளே வரவில்லை.

ராயபுரம் தாண்டும்போது ராஜு திரும்பினான். "மாமு, வண்டி சத்தம் நின்னு பூச்சு, இப்ப உன் வாய்ச் சத்தம் மட்டும்தான் ஓடிகினு கீது, திரும்பி வரசொல்ல அண்ணாச்சி கடையாண்ட நிறுத்தி அதுக்கும் ஒரு கிளாம்ப் வாங்கி மாட்டிக்க!"

இத்தனையும் ஒரே மூச்சில்.