நானூற்றுப் பதினேழாம் எண் கெண்டை

தான் நினைத்ததுதான் சரி என்று கணக்கே ஒத்துக்கொள்ளும்போது, ஒருவர் அந்தக் கணக்கைச் சந்தேகிப்பாரா? முனைவர் ஆரோக்கியசெல்வியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டு முடிக்க அதற்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன.

அவர் மீன்வள ஆராய்ச்சியாளர். ஓசூரில் வாடகை வீடு, குருபரப்பள்ளிப் பக்கம் ஓர் ஏரி, நடுவில் லாரி ஓயாத நெடுஞ்சாலை. வெளியிலிருந்து வந்த ஜிலேபி மீன் பெருகி, நம் கெண்டையை அழித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் கொள்கை. ஜிலேபியைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், அது பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்து தினமும் மோட்டாரை அணைக்காமல் போகிறதோ என்று தோன்றும்.

ஆண்டுதோறும் எண்ணூறு கெண்டைகளைப் பிடித்து, முதுகுத் துடுப்போரம் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை குத்தி ஏரியில் விடுவார். பிறகு வலையில் விழும் மீன்களோடு எத்தனை பட்டைகள் திரும்புகின்றன என்று பார்ப்பார். ஏரியில் கெண்டை ஏராளமாக இருந்தால் பட்டை போட்டவை கூட்டத்தில் கரைந்துவிடும்; சிலதான் வரும். கெண்டை குறைந்திருந்தால் நிறைய வரும். ஏரியை வற்றவைக்காமல் மீனை எண்ண அவருக்குத் தெரிந்த வழி இதுதான்.

பத்து ஆண்டுகளும் அறுபது, அறுபத்தைந்து என்றே பட்டைகள் வந்தன. அதாவது கெண்டை குறையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அவர் ஏரிக்கு இன்னோர் ஆண்டு அவகாசம் கொடுத்தார்.

ஏரி மீன் முழுவதும் நெடுஞ்சாலையோரம் முனிலட்சுமியின் வறுவல் கடைக்கே வரும். எந்தப் பட்டை கிடைத்தாலும் வீசாமல் டப்பாவில் போடும்படி ஆரோக்கியசெல்வி அவரிடம் சொல்லியிருந்தார். முனிலட்சுமி சொன்னபடி செய்பவர்.

பதினோராம் ஆண்டு டப்பாவில் இருநூற்று எழுபத்து மூன்று பட்டைகள் இருந்தன. எண்களைப் பதிவதற்கு முன்பே மொத்தத்தை வைத்து அவர் கணக்குப் போட்டார். கெண்டை கால்வாசியாகக் குறைந்திருந்தது. ஓசூர் பேக்கரியில் கேக் வாங்கி அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். ஓர் இனம் அழிவதற்குக் கேக் வெட்டுகிறோமே என்று ஒருவர் கேட்டபோதுதான் முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டார். கட்டுரையை மூன்றே நாளில் எழுதினார்.

கட்டுரையின் பின்னிணைப்புக்காகப் பட்டை எண்களைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். 417. அடுத்தது 88. பிறகு 417. மறுபடி 417. பதிந்து முடித்தபோது அந்த ஒரு கெண்டை இருநூற்றுப் பன்னிரண்டு முறை பிடிபட்டு, அத்தனை முறையும் வறுபட்டிருந்தது.

டப்பாவோடு கடைக்குப் போனார். முனிலட்சுமி எதையும் மறைக்கவில்லை. பட்டை போட்ட மீனைத் தட்டில் பார்த்த பெங்களூர் கார்க்காரர்கள் அது அரசாங்கம் சோதித்த மீன் என்று முடிவுகட்டி, நம்பர் மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார்கள். வருவதோ வாரத்துக்கு ஒன்றிரண்டு. ஜூஜுவாடியில் பிளாஸ்டிக் மோல்டிங் ஷெட் வைத்திருக்கும் அவர் தம்பி முனிராஜ் ஒரு பட்டையை மாதிரியாக வைத்து ஒரு சாக்கு நிறையச் செய்து கொடுத்துவிட்டான்; முனிலட்சுமி அதைச் சாதா மீனிலும் குத்தித் தட்டில் வைத்திருக்கிறார்.

"அதை ஏம்மா என் டப்பாவுல போட்டீங்க?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்கோ, எந்தப் பட்டையா இருந்தாலும் போடுன்னு. ஒண்ணு விடாம போட்டிருக்கேன்."

முனிராஜும் அங்கேதான் வறுவல் தின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றிலும் ஏன் ஒரே எண் என்று ஆரோக்கியசெல்வி அவனைக் கேட்டார்.

"மோல்டு ஒண்ணுதானுங்க மேடம். நம்பர் மாத்தணும்னா மோல்டு மாத்தணும்." பிறகு அவரைத் தேற்றுவதாக நினைத்து, "உங்க பட்டையில பிசிறு அடிக்குது. நம்மது ஃபினிஷிங் பாருங்க" என்றான்.

போலியை நீக்கினால் மிச்சம் அறுபத்தொன்று. கெண்டை வழக்கம்போல் சுகமாக இருந்தது. நீக்காவிட்டால் பதினொரு ஆண்டுக் கொள்கை நிரூபணமாகும். பின்னிணைப்பில் எண்களை விட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் கொடுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அவர் உடனே நேர்மையாக நடந்துகொண்டார் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். முதல் நாள், பட்டை பொய்யானாலும் கெண்டை குறைவது உண்மையாக இருக்கலாமே என்று வாதாடினார். இரண்டாம் நாள் வாதாட ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் இருநூற்றுப் பன்னிரண்டையும் நீக்கி, இந்த ஏரியைப் பொறுத்தவரை தன் கொள்கை தவறு என்ற முடிவோடு கட்டுரையை அனுப்பினார். ஏதோ ஓர் இதழ் எட்டு மாதம் கழித்து, கடைசிப் பக்கங்களில், அதை வெளியிட்டது. கேக் யாரும் வாங்கவில்லை.

அடுத்த ஆண்டு பட்டை குத்தும் நாளில், முனிலட்சுமியும் வேடிக்கை பார்க்கக் கரைக்கு வந்திருந்தார். முதல் வலையில் கெண்டைகளுக்கு நடுவே கொழுத்த ஜிலேபி ஒன்று கிடந்தது. ஆரோக்கியசெல்வி அதைத்தான் எடுத்தார். புதுப் பட்டைப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, கைப்பையிலிருந்து முனிராஜின் 417 ஒன்றை எடுத்துக் குத்தி, பதிவேட்டில் '417, ஜிலேபி, கணக்கில் சேராது' என்று எழுதி, மெதுவாக ஏரியில் விட்டார்.

"மேடம், அது எங்க தம்பி போட்டதாச்சே. மீனும் கெண்டை இல்லையே" என்றார் முனிலட்சுமி.

ஆரோக்கியசெல்வி கையைக் கழுவிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தார்.