நெருப்புக்குப் போட்ட கோடு

ஒரே கூரையின் கீழ் தொழிலாளர் அறைகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயம் வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கடைசி மேட்டில் இருந்தது. லயத்துக்குப் பின்னால் மாட்டுப் பட்டி, பட்டிக்குப் பின்னால் மானாப்புல் மலை, அதற்கும் பின்னால் வானம். தை மாதப் பனியில் கருகி, மாசி வெயிலில் காய்ந்து, அந்த மலை முழுவதும் ஒரு நெருப்புக்குச்சிக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். வருஷா வருஷம் குச்சி வந்து சேரும். யார் வைத்தது என்று கேட்டால் யாரும் இல்லை. மாடு வைத்திருந்தவர்களுக்கு ஒன்று மட்டும் தெரியும்: மலை எரிந்து முதல் மழை விழுந்தால் இளம்புல் பச்சைப் பசேலென்று வரும். எங்கள் வீட்டிலும் மாடு இருந்தது. ஆகவே நானும் யாரையும் கேட்கவில்லை.

வெயில் காலம் தொடங்கியதும் தோட்டத்தில் ஆள் விட்டு, தேயிலை ஓரமாகப் புல்லைச் சுரண்டி, ரோட்டு அகலத்துக்கு வெறும் மண்ணாக்கி வைப்பார்கள். நெருப்பு அந்த மண்ணைத் தாண்டாது. இந்த மரியாதை தேயிலைக்கு மட்டும்தான். லயத்துக்குத் தகரக் கூரை இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தை நடத்தும் எங்கள் துரைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

தகரத்துக்குக் கீழே கிடந்த என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கவலையெல்லாம் பட்டியைப் பற்றித்தான். அதன் கூரை மானாப்புல். அதற்குள் என் மனைவியின் பசு நிறைசினையாக நின்றது. முந்தின ஈற்றில் அதற்குக் கன்று செத்துப் பிறந்தது. இந்தத் தடவையாவது தாயும் கன்றும் உயிரோடு நிற்க வேண்டும் என்பதைத் தவிர, அந்த வருஷம் அவள் சாமியிடம் வேறு எதையும் கேட்கவில்லை. எனக்காகக்கூட ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கவனித்து வைத்திருந்தேன்.

ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற கட்டடத்தில், தூள் காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. பகல் முழுக்க நெருப்பின் வாய்க்கு எதிரே நின்றவன்தான், மலை உச்சியில் ஒரு மேகத்தைப் பார்த்துப் புகை என்று கத்தி லயத்தையே கூட்டினேன். ஒரு தடவை அல்ல. சுவருக்கு அந்தப்புறம், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மச்சான் அதை லேசில் விடவில்லை.

"மச்சான், அந்தா பாரு, கீழ ரயிலு புகை விட்டுக்கிட்டுப் போகுது. ஒரு வாளி தண்ணியோட ஓடு. அட்டன் போறதுக்குள்ள அணைச்சிரலாம்."

வாளி என்றதும்தான் என்னிடம் வாளி இல்லாதது நினைவுக்கு வந்தது. அட்டன் டவுனுக்குப் போய் மூன்று வாளி கேட்டேன். எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் மூன்று வாளிகளையும் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரே தடவையில மூணா? வீட்டுல விசேஷமா தம்பி?"

"நெருப்பு வரப் போகுது நானா."

"எப்ப?"

"அது தெரியாது."

"அப்ப அவசரமில்ல. உக்காந்து டீ குடிச்சிட்டுப் போங்க."

வந்த கையோடு, மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தேன். வாளி நிறைந்தது. குடம் நிறைந்தது. பிறகு கண்ணில் பட்டதெல்லாம் நிறைந்தது. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்த மனைவி, கூடையின் தலைக்கயிற்றைக் கழற்றாமலே வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, சோத்துப் பானையில தண்ணி, கொழம்புச் சட்டியில தண்ணி. ராவைக்கு எதுல ஆக்குறது?"

"நெருப்பு வந்தா சோறு எங்க திங்கிறது?"

"வரலைன்னா?"

அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிறுகளில் சுரண்டியை எடுத்துக்கொண்டு மலையேறினேன். தோட்டம் தேயிலைக்குச் செய்ததை நான் பட்டிக்குச் செய்தேன். புல்லை அறுத்து, வேரைச் சுரண்டி, பட்டிக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் செம்மண்ணில் ஒரு கோடு இழுத்தேன். முடிந்த அன்று அதன்மேல் முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு, துரை மாதிரி நடந்து பார்த்தேன்.

அறுத்த புல் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. மானாப்புல்லை எங்கள் ஆட்கள் எறிய மாட்டார்கள். கூரை வேய ஆகும், மாட்டுக்குக் கீழே பரப்ப ஆகும். கட்டுக் கட்டாகக் கட்டி, கீழே கொண்டு வந்து, பட்டிச் சுவரோடு அணைத்துக் கூரை உயரத்துக்கு அடுக்கினேன். மனைவிக்குச் சந்தோஷம். "இந்த வருசம் கூரைக்குப் புல்லு தேடி அலைய வேண்டியதில்ல" என்றாள். அவள் என்னைப் பாராட்டுவது அபூர்வம். அந்த மயக்கத்தில், நெருப்பைக் கண்டு பசு மிரண்டு ஓடிவிடக் கூடாது என்று அதன் கயிற்றில் இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

நெருப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. உண்மையான நெருப்பு வந்தபோது கத்தியவன் நான் இல்லை. நான் கத்தியிருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். லயம் முழுக்க வெளியே வந்து நின்றது. சடசடவென்று மலையிறங்கிய நெருப்பு என் செம்மண் கோட்டுக்கு வந்து, இப்படி அப்படிப் பார்த்துவிட்டு, படுத்துவிட்டது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"கோடு நல்லாத்தான் போட்டிருக்க மச்சான்" என்றான் பக்கத்துக் காம்பராக்காரன். "அது சரி, அறுத்த புல்லெல்லாம் எங்க?"

நான் கையைக் காட்டினேன். காட்டிய இடத்திலிருந்து புகை வந்தது. காற்றில் பறந்து வந்த பொறி கோட்டைத் தாண்டி, நான் பக்குவமாக அடுக்கி வைத்திருந்த குவியலின் உச்சியில் உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் நான் செய்தவற்றை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன். மூன்று வாளி, குடம், பானை, சட்டி எல்லாவற்றையும் தாண்டி வீட்டுக்குள் ஓடி, டீ குடிக்கும் கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்தேனாம். அதையும் பாதி வழியில் நானே குடித்துவிட்டேனாம். பட்டிக்குள் நுழைந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. கூரை ஓரம் பிடித்துவிட்டது. பசு கண்ணை உருட்டிக்கொண்டு கயிற்றை இழுக்கிறது. இழுக்க இழுக்க என் முடிச்சு இறுகுகிறது.

"தள்ளுங்க!"

மனைவி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தாள். ஒரே வெட்டு. நான் போட்ட முடிச்சு மூன்றும் அப்படியே கம்பத்தில் நிற்க, பசு என்னையும் இடித்துக்கொண்டு வெளியே போனது. மச்சானும் மற்றவர்களும் மண் கிளறும் இரும்பு முள்ளால் புல்லை இழுத்துக் கலைத்து, என் வாளிகளாலேயே அணைத்தார்கள். பட்டியின் கூரை போயிற்று. லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சோற்றுப் பானைத் தண்ணீர்தான் கடைசி நெருப்பை அணைத்தது என்று இன்றைக்கும் நான் சொல்லிக்கொள்வதுண்டு. சாட்சி இல்லை.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில், நான் கட்டில் போட்டுப் படுக்கும் இடத்தில், பசு கட்டப்பட்டது. அந்த வாரமே அங்கேயே கன்று ஈன்றது. வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் அது நாலு காலில் நின்றபோது மனைவி முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். புதுப் பட்டி எழும்பும் வரைக்கும் நான் அடுப்பு மூலையில் படுத்தேன்.

மழை விழுந்தது. கருகிய மலையில் இளம்புல் வந்தது. பசு வயிறு நிறையத் தின்றது.

அடுத்த வருஷம் மாசி வெயில் தொடங்கியதும் மனைவி தானே கோடு சுரண்டினாள். அறுத்த புல்லை அங்கேயே மண்ணைப் போட்டு மூடினாள். பசுவை, நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டினாள். வாளிகளைப் பட்டி வாசலில் நிரப்பி வைத்தாள். ஒரு ஞாயிறு மலையில் புகை கிளம்பியபோது, சுற்றுமுற்றும் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறதென்று கண்டு, கடைசியாக என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஸ்டோருக்குப் போங்க."

"இன்னைக்கு ஸ்டோரு பூட்டியிருக்குமே."

"தெரியும். போங்க."

போய் ஸ்டோர்ப் படியில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் வந்து கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் ஒரு புல்லுக்கட்டுக்கூட எரியவில்லை.