மேற்கே உதித்த சூரியன்

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். உலகங்களை உண்டாக்குவதே தொழிலாக இருந்துகொண்டு, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்பதில் கோட்டை விட்டவன் நான்.

உலகத்தை உண்டாக்குவது என்றதும் பயந்துவிடாதீர்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி ஆபீஸ், கீழே பிரியாணிக் கடை. அங்கே உட்கார்ந்து ஒரு கற்பனை ராஜ்ஜியம் செய்கிறோம். அதே ராஜ்ஜியம் காமிக்ஸாக வரும், மொபைல் கேமாக வரும், வெப் சீரிஸாகவும் வரும். மூன்றிலும் ஊர், மலை, மழை, மந்திரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு கையேடு உண்டு. எழுதுகிறவன் நான். ராணிக்கு இடது கன்னத்தில் மச்சம் என்று நான் எழுதிவிட்டால், மூன்று டீமும் அந்த மச்சத்துக்குக் கட்டுப்பட வேண்டும். வீட்டில் டிவி ரிமோட்கூட என் பேச்சைக் கேட்காது என்பது வேறு விஷயம்.

அந்த ராஜ்ஜியத்துக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. மேப்பில் மேற்குக் கரையில் இடம் காலியாக இருந்தது, வைத்துவிட்டேன். விடியற்காலையில் கதாநாயகி கப்பலேறுகிறாள், கடலிலிருந்து சூரியன் தகதகவென்று எழுகிறது. காமிக்ஸ் அச்சாகிவிட்டது. சீரிஸுக்கும் அந்தக் காட்சியை எடுத்தாயிற்று. கேம் மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் கேமில் வெளிச்சம் போடுகிற பெண் என் மேஜைக்கு வந்தார்.

“சார், இந்தத் துறைமுகம் மேற்குக் கரைதானே?”

“ஆமாம்மா.”

“காலையில சூரியன் கடல்லருந்து வருதே?”

“பின்ன, பஸ் ஸ்டாண்டுலருந்தா வரும்?”

அவர் சிரிக்கவில்லை. “நானும் புதுச்சேரி மாநிலம்தான் சார். ஆனா மாஹே. எங்க வீட்டு வாசல்ல கடல். சூரியன் அதுல மறையத்தான் செய்யும்.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து இதே பாண்டியில், சாரம் பகுதியில் இருக்கிறேன். கடல் என்றால் கிழக்கு, கிழக்கு என்றால் சூரியன். இந்தக் கணக்கு மூளையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது, தானாகத் திரும்பும். மாஹேயும் நம் மாநிலம்தான், கேரளக் கரையில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன், பாருங்கள்.

சென்னையிலிருக்கும் முதலாளிக்குத் தகவல் போனது. “வெள்ளிக்கிழமை வீடியோ மீட்டிங்ல ஒரு பதிலோட வாங்க. இல்லாட்டி கையேட்டை வேற ஆள்கிட்ட குடுத்துடலாம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் ஆபத்து.

மூன்று நாள் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஆதியில் ஒரு கடல் தேவதை கோபத்தில் பூமியை எதிர்ப்பக்கமாகச் சுழற்றிவிட்டாள். அன்று முதல் அந்த உலகத்தில் சூரியன் மேற்கே உதிக்கிறது. சேவல்கள் குழம்பிப்போனதற்குத் தனியாக ஒரு பத்தி.

மீட்டிங்கில் முதலாளி படித்தார். சிரித்த மாதிரி இருந்தது. நெட் சிக்கி முகம் அப்படியே நின்றதாகவும் இருக்கலாம்.

“நல்லாருக்கே. முதல்லருந்தே இது பிளான்தானா?”

‘ஆமாம் சார்’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்து மேஜையிலிருந்தே மீட்டிங்கில் சேர்ந்திருந்த மாஹேப் பெண், திரையில் ஒரு கட்டத்துக்குள் கன்னத்தில் கை வைத்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல சார். தப்புதான். பாண்டிக்காரன், கடல்னா கிழக்குன்னு நெனச்சுட்டேன். கண்டுபிடிச்சது அவங்க.”

முதலாளி கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, “சரி, சூரியன் மேற்கயே உதிக்கட்டும். எதையும் மாத்த வேணாம்” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா?

“அப்போ கையேடு என்கிட்டயே இருக்கும்ல சார்?”

“இருக்கும், மேப்பை மட்டும் அவங்க பாக்கட்டும்.”