சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த நாத்தனார்

என் நாத்தனார் நிக்காசியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன். கெட்டதாகச் சொல்லச் சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் உட்கார வேண்டும், அவ்வளவு நேரம் பிடிக்கும். கல்யாணமான மறுநாள் நான் வைத்த முதல் ஆட்டுச் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் தம்பி, ஆட்டை இதுல வேக வெச்சாளா, குளிப்பாட்டினாளா?" என்று கேட்டவள் அவள். அந்தத் தம்பி தெமெத்ரியோ, என் வீட்டுக்காரர், இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மதினி என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். மதினிக்கு வயது அறுபதைத் தொடும். புருஷன் சுரங்க வேலைக்குப் போய், நெஞ்சில் தூசி கட்டிச் செத்தான். பிள்ளை இல்லை. எங்கள் மலையூர் அங்க்காபுக்யோவில், சந்தைக்குப் பின்னால் சோளக்கள் விற்கிறாள். வாசலில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தால் கள் பதமாகிவிட்டது என்று ஊருக்குத் தெரியும். கொஞ்சம் உருளைக்கிழங்கு, சில ஆடுகள், ஒரு நாய். யாரிடமும் கை நீட்டியதில்லை. வாய் மட்டும் ஊர் எல்லை வரை நீளும்.

போன மழையில் அவள் வீட்டுச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முட்டுக்கொடுத்த கம்புகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, பக்கத்திலேயே மண்கல் அறுத்துப் புது வீடு எழுப்பினாள். கூரை மட்டும் பாக்கி. அடுத்த மழைக்குப் பழைய வீடு நிற்காது என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே இல்லை.

இனி அவளுடைய வைத்தியத்தைச் சொல்கிறேன். வேன் ஏறி வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் ஊர் உயரம் ஒத்துக்கொள்வதில்லை. மூச்சு வாங்கும், வயிறு புரட்டும், தலை இடிக்கும். தலையைப் பிடித்துக்கொண்டு கோயில் படியில் உட்காருவார்கள். மதினி போய் எதிரே நிற்பாள்.

"அடப்பாவமே, மூஞ்சி வெளுத்துப்போச்சே! மலை மயக்கம் மாத்திரைக்கெல்லாம் அடங்காது கண்ணு. கால் வழியாத்தான் இறங்கணும். காலையில வா, நான் இறக்கி விடறேன்."

கால் வழி என்றால் சுன்யோ மிதிப்பதுதான். எங்களுக்குக் குளிர்காலமான ஜூன் மாதப் பனியில் கிழங்கைப் புல்வெளியில் பரப்பி உறைய விட்டு, விடிந்ததும் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து காயவைத்தால், சுன்யோ வருஷக்கணக்கில் கெடாது. மிதிக்கிறவர் கால்தான் கெடும். அந்த வேலையை வைத்தியம் என்று சொல்லி ஊர் பேர் தெரியாதவர்கள் தலையில் கட்டினாள் மதினி. இரண்டு ஜெர்மன்காரர்கள் மிதித்தார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒரு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு பக்தியாகவே மிதித்தார். போகும்போது அவள் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னார்கள். அவர்களுக்குத் தலைவலி போனதும் உண்மைதான். அந்தக் கால் வலியில் தலை எங்கே ஞாபகம் வரும்?

இந்த வருஷம் ஜூனில் லீஸ்பெத் வந்தாள். ஹாலந்து நாட்டுக்காரி, ஐம்பது வயசு இருக்கும், எங்கள் ஊர் வாசல் ஒவ்வொன்றிலும் நெற்றியை இடித்துக்கொள்கிற உயரம். எதைப் பார்த்தாலும் "ரொம்ப நல்லா இருக்கு" என்பாள். கோவேறு கழுதை சாணி போட்டாலும் அதையே சொல்வாள் போல. மதினிக்கு அவளைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியிருக்க வேண்டும். லீஸ்பெத்துக்கும் தலை இடிக்க, மறுநாள் காலையில் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் பக்கத்தில்தான் என் கிழங்கைப் பரப்பிக்கொண்டிருந்தேன். வைத்தியம் பார்வைக்கு வைத்தியமாகவே இருக்க வேண்டும் என்று மதினிக்கு அன்று என்னவோ தோன்றியது. ஒரு பிடி கொக்கா இலையை எடுத்து லீஸ்பெத் கையில் வைத்தாள். கிண்ணத்தில் கள் ஊற்றி, முதல் சொட்டை மண்ணுக்கு விட்டு, மீதியை அவளுக்குக் கொடுத்தாள். "பூமித்தாய்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிச்சாத்தான் மருந்து பிடிக்கும்" என்றாள். லீஸ்பெத் இலையை மென்றாள், கள்ளைக் குடித்தாள், பொழுது சாயும் வரை மிதித்தாள்.

இலையும் கிண்ணமும் கொடுத்த இடத்தில்தான் மதினி சறுக்கினாள். எங்கள் ஊரில் கூலிக்கு ஆள் வைத்துக் கூரை போட முடியாது. இன்றைக்கு நான் உன் வயலுக்கு வந்தால் நாளைக்கு நீ என் வயலுக்கு வரவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கைமாற்று வேலை, எங்கள் பேச்சில் ஐனி. வேலைக்கு முன்னால் இலையும் கிண்ணமும் கை மாறிவிட்டால் அது ஐனி. வந்த ஆள் கேட்டால் அதைத் திருப்பித்தான் ஆகவேண்டும். திருப்பாதவர் வீட்டுக் கூரைக்கு ஒரு ஆள் வராது. இந்த விஷயத்தில் மதினியைப் போல கறார் பேர்வழி கிடையாது. தையற்காரர் எவாரிஸ்தோ ஒரு நாளைத் தட்டிக்கழித்தார் என்று, விடியற்காலையில் அவர் வாசலில் மண்வெட்டியும் தகரமுமாக நின்று தட்டித் தெருவையே எழுப்பியவள் அவள்.

வெளியூர்க்காரர்களுக்கு ரொட்டியும் சாப்பாடும் விற்கிறவள் நான். மறுநாள் லீஸ்பெத் என்னிடம் ரொட்டி வாங்க நொண்டிக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா, தலைவலி போச்சா?" என்றேன்.

"தலைவலி போச்சு. கால்வலி வந்துச்சு."

"இந்த ஊர்ல தலைவலிக்கு வேற யாராச்சும் கிழங்கு மிதிச்சுப் பாத்தியா நீ?"

ரொட்டியை மென்றபடி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். "அப்போ அந்த இலை எதுக்கு?" என்று கேட்டாள். அதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லைதான். என்ன செய்வது, சூப்பு ஞாபகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சபை கூடியது. மதினி எழுந்து, ஆகஸ்டில் கூரை போடப்போவதாகவும் எல்லோரும் வரவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் டொக்கென்று சத்தம். நெற்றியைத் தடவிக்கொண்டே லீஸ்பெத் உள்ளே வந்தாள்.

"நிக்காசியாம்மாவுக்கு நான் ஒரு நாள் வேலை செஞ்சேன்" என்றாள். "எனக்கு அந்த ஒரு நாள் வேணும்."

ஊர்த்தலைவர் திபூர்சியோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "என்ன நிக்காசியா, இலை குடுத்தியா?"

"அது வைத்தியங்க தலைவரே."

"இலை குடுத்தியா, இல்லையா?"

"குடுத்தேன்."

"கிண்ணம்?"

"அதுவும்தான்."

"அப்போ அது ஐனி. முன்னாடி வந்தவங்களுக்கு இலை இல்ல, கேக்கல, போனாங்க. இந்தம்மா கேட்டுட்டாங்க."

எவாரிஸ்தோ இந்த நாளுக்காகத்தான் பிறந்ததுபோல எழுந்தார். "ஹாலந்துக்கு எப்போ கிளம்பறீங்க அக்கா? மண்வெட்டிய விமானத்துல விடுவாங்களான்னு கேட்டுக்குங்க. உங்க கூரைக்கு வரணும்னு எனக்கு ஆசைதான். பாக்கி வெச்சவங்க கூரைக்கு வர ஊர் வழக்கம் விடமாட்டேங்குதே!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் மதினியின் கையைப் பார்த்தேன். தொப்பி விளிம்பைத் திருகித் திருகிப் பிய்த்தே விட்டிருந்தது. அவள் பயந்து நான் பார்த்ததே கிடையாது.

"உன் ஊர்ல உனக்கு என்ன வேலை?" என்று மதினி லீஸ்பெத்தைக் கேட்டாள். "வயலா, ஆடா?"

"வயல் இல்ல. ஆடு இல்ல. வாடகை வீடு, அஞ்சாவது மாடி. என் கூரைக்கு மேல இன்னொருத்தர் குடியிருக்காரு." லீஸ்பெத் சபையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க நான் என்ன வேலை செய்யறேனோ, அதை நீங்க ஒரு நாள் செய்யணும். சுத்திப் பாக்கணும்."

இப்படி ஒரு கோரிக்கையை எங்கள் சபை கேட்டதில்லை. திபூர்சியோ மோவாயைச் சொறிந்தார். "நாள் முழுக்கச் செய்யணும். கூட ஒரு ஆள் போயி, வேலை ஒழுங்கா நடந்துச்சான்னு பாத்துச் சொல்லணும்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் மதினியை லீஸ்பெத்தே ஜோடித்து அனுப்பினாள். முழங்கால் வரை தொங்கும் சிவப்புச் சட்டை, முதுகில் மூட்டை, கழுத்தில் கேமரா. கடைசியில் மதினியின் கையிலிருந்த நூல் கதிரையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நடக்கும்போதுகூட நூல் நூற்கிற கை அது. சும்மா தொங்கவிட்டு நடக்கத் தெரியாமல், இரண்டு கையையும் யாரோ கொடுத்துவைத்த சாமான்போல ஏந்திக்கொண்டே வந்தாள். தெரு திரும்பியதும் அவள் சோறு போட்டு வளர்த்த நாய் அவளையே பார்த்துக் குரைத்தது.

"உன்னையெல்லாம் நன்றியுள்ள நாய்னு நெனச்சு வளத்தேன் பாரு" என்றாள் மதினி அதனிடம்.

எவாரிஸ்தோ கடைக்குப் போனோம். ஒரு குல்லாவை எடுத்து, "இது என்ன விலைங்க?" என்றாள். அவர் நாலு மடங்கு சொன்னார்.

"அடேய் கட்டையில போற..."

நான் இருமினேன். "மதினி, வெளியூர்க்காரங்களுக்கு நம்ம ஊர்த் திட்டு தெரியாது."

மதினி மூச்சை உள்ளே இழுத்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். எவாரிஸ்தோ முக்காலியிலிருந்து கீழே விழாதது அதிசயம்.

கோயிலைப் படம் எடுத்தாள். என் ஆட்டைப் படம் எடுத்தாள், ஆடு அவளுடைய சிவப்புச் சட்டையைத் தின்னப் பார்த்தது. மத்தியானம் என் வீட்டில் காசு கொடுத்துச் சாப்பிட்டாள், குறை சொல்லாமல். சாப்பிட்டதும் கழுகுப் பாறைக்கு ஏறினோம். அங்கே புல் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஊர்க்காரர் யாருக்கும் அங்கே வேலை இல்லை. வெளிநாட்டுக்காரர்கள்தான் ஏறிப் போய் ஊரைப் பார்ப்பார்கள்.

பாதியில் மதினி நின்றாள். "மூச்சு வாங்குதுடி பெலாஜியா. தலை சுத்துது."

"கால் வழியாத்தான் இறங்கணும் மதினி. என் கிழங்கு பரப்பித்தான் கிடக்கு."

"போடி இவளே" என்றாள். ஆனால் சிரித்தாள்.

மேலே போய் உட்கார்ந்தோம். ஊர் மொத்தமும் காலடியில் கிடந்தது. அறுபது வருஷமாக அவள் ஓடி, வைது, கள் ஊற்றி, மண் சுமந்த இடமெல்லாம் ஒரு பார்வைக்குள் அடங்கிவிட்டது. மதினி கேமராவைத் தொடவே இல்லை. கீழே எல்லா வீட்டுக்கும் கூரை இருந்தது, ஒரு வீடு மட்டும் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் சாய்ந்த வீடு. மேலே இருந்து பார்த்தால் சாய்வு இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"ஏம்மா" என்றாள், வெளியூர்க்காரியின் குரலில். "அந்தக் கூரை இல்லாத வீடு யாரோடது?"

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள்.

"அதுவா? நிக்காசியான்னு ஒருத்தி. வாய் கொஞ்சம் நீளம்."

"கூரை போட ஆளுங்க வருவாங்களா?"

"வராம? ஒரு தையக்காரர் இருக்காரு, சரியான வம்புக்காரர். நேத்து சாயங்காலமே கூரைப்புல் அறுக்கப் போயிட்டாரு. அவகிட்ட சொல்லிடாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."

சிவப்புச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஹாலந்துக்காரியின் சட்டை அது.

"நீ வருவியா?" என்றாள். இப்போது சொந்தக் குரல்.

"நான் உங்க தம்பி பொண்டாட்டி மதினி. எனக்கு இலை குடுத்தா கூப்பிடணும்?" என்றேன். "ஆனா ஒண்ணு. கூரைக்குச் சூப்பு நான்தான் வைப்பேன்."

பாக்கி தீர்ந்தது என்று நான் சபையில் சொல்ல, ஆகஸ்டில் ஊரே வந்தது. ஆளாளுக்குப் புல்லைத் தூக்கித் தூக்கி எறிய, திபூர்சியோவே மேலே ஏறிக் கயிறு கட்டினார். லீஸ்பெத் அதற்குள் ஊர் போய்விட்டாள். அவள் விட்டுவிட்டுப் போன சிவப்புச் சட்டையை மதினி கம்பில் கட்டியிருந்தாள், கள் பதம் என்பதற்கு. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் தலை வந்துவிட்டது. பந்தியில் நான் முதல் கிண்ணத்தை மதினியிடம் நீட்டினேன். தெமெத்ரியோ உட்பட எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

ஒரு வாய் குடித்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு, மடக்மடக்கென்று குடித்து முடித்துக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள்.