பதியப்பட்ட ஹெட்செட்

லினக்ஸை வைத்து இன்டர்நெட் கடை நடத்தியவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்களுக்கு, சண்டைக் காலத்தில் கொழும்பில் இருந்திருந்தாலே போதும். திருட்டு விண்டோஸ் போடமாட்டேன், இலவச லினக்ஸே போதும் என்ற கொள்கையோடு வெள்ளவத்தையில் கடை திறந்தவன் நான். கொள்கை என்னுடையது, அவதி வாடிக்கையாளருடையது.

எந்தக் கார்ட்?

கொட்டாஞ்சேனை அருளம்மா அக்காவின் மகனுக்கு ரொறொன்ரோவில் சனிக்கிழமை கலியாணம். அக்காவுக்கு விசா கிடைக்கவில்லை. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி தாயின் ஆசீர்வாதத்தை இன்டர்நெட்டில் எடுப்பதென்று ஏற்பாடு. என் கணினியில் மைக் செருகும் துளை பழுது. அதனால் சவுண்ட் கார்ட் என்ற ஒலி அட்டையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் யூஎஸ்பி ஹெட்செட் ஒன்று வாங்கிக்கொண்டு, சோதித்துப் பார்க்க முதல் நாளே புருஷனோடு த்ரீவீல் ஓட்டோவில் வந்தார்.

வழியில் செக்பொயின்ற் பொலிஸ்காரர் வயரைக் கண்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த புருஷன் "சவுண்ட் கார்ட்" என்றாராம். பொலிஸ்காரர் கையை நீட்டி, "கார்ட்" என்றாராம்.

"ஐடென்டிட்டிக் கார்டைக் குடுத்தன், தம்பி. அதில சவுண்ட் இல்லையெண்டு விட்டிட்டான்" என்றார் புருஷன்.

பதிவு

ஹெட்செட்டைச் செருகியதும் லினக்ஸ் அதன் பெயரையும் இலக்கத்தையும் திரையில் எழுதியது. சத்தம் மட்டும் வரவில்லை. கணினியோடு பிறந்த ஒலி அட்டைக்கு இலக்கம் பூச்சியம், புதிதாக வந்ததற்கு ஒன்று. நாம் மாற்றிச் சொல்லாதவரை எல்லாச் சத்தமும் பூச்சியத்துக்கே போகும் என்று, யாரும் கேளாமலே விளக்கினேன். அந்த நாட்களில் தமிழர் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். புருஷன் திரையை வாசித்துவிட்டுச் சொன்னார்:

"வந்த ஆளைப் பதிஞ்சு வைச்சிருக்கு, வாய் திறக்கத்தான் விடயில்லை. இது எங்கட ஊர் மெஷின்தான்."

ஒலி அளவு

இலக்கங்களை இடம் மாற்றினேன். சனிக்கிழமை பின்னேரம் மகனின் குரல் தெளிவாக வந்தது. அக்கா ஆசீர்வதிக்கத் தொடங்கினார். "அம்மா, ஒண்டும் விளங்கயில்லை. இஞ்ச எல்லாரும் எழும்பி நிக்கினம்" என்றான் மகன். மைக்கின் அளவை உச்சிக்கு ஏற்றினேன். அப்போதும் விளங்கவில்லை. ஹெட்செட்டை நான் வாங்கிப் பேசிப் பார்த்தேன். "இது ஆர்? காது வெடிக்குது" என்றான்.

"அக்கா, கொஞ்சம் பலத்துக் கதையுங்கோ."

"பஸ்ஸில, ரோட்டில தமிழை மெல்லமாக் கதைச்சுத் தொண்டை பழகிப் போச்சு, தம்பி."

பிறகு எழுந்து நின்று, குரலை உயர்த்தி, தகப்பன் வழி முன்னோரில் தொடங்கி, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகள்வரை ஆசீர்வதித்தார். ரொறொன்ரோவில் கைதட்டினார்கள். எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். புருஷன் என் பக்கம் சாய்ந்தார்.

"கதவைச் சாத்துங்கோ, தம்பி. இனி இவ நிப்பாட்ட மாட்டா."

தொண்டைப் பழுதை நீக்கும் கட்டளை லினக்ஸ் கையேட்டில் இல்லை. கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டேன்.