வண்டித்தடத்துக்கு ரிப்பன் வெட்டிய வக்கீல்

மண்டியில் மஞ்சள் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, வக்கீலய்யா காலமாகிவிட்டார் என்று போன் வந்தது. உடனே பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பனைக் கூப்பிட்டேன்.

"மாமா, நம்ம வக்கீல் போயிட்டாருங்க."

"எந்த வக்கீலு? உன்ற வக்கீலா, என்ற வக்கீலா?"

"ரெண்டும் ஒருத்தருதானுங்களே."

சிரித்தார். துக்கச் செய்திக்குச் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

மூட்டை தூக்கி முன்னுக்கு வந்து, நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காயவைக்க ஒரு களம் வாங்கினேன். களத்துக்குப் போகும் வண்டித்தடம் செல்லப்பன் தோட்டத்துக்குள் போனது. வரப்புத் தகராறில் அவர் முள்ளைப் போட்டு அடைத்தார். நான் வக்கீலய்யாவிடம் ஓடினேன். "அந்தாளுகூட ஒரு வார்த்தை பேசீராதீங்க சாமி, கேசு கெட்டுப்போயிரும்" என்றார். பேசவில்லை. செல்லப்பன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. வாய்தா மேல் வாய்தா. மூட்டைகள் தலைச்சுமையாகவே வெளியே வந்தன.

ஒரு வாய்தா அன்று கோர்ட் வாசலில் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தகரத்துக்கு அடியில் நானும் செல்லப்பனும் ஒதுங்கினோம். களத்தில் வேகவைத்த மஞ்சள் திறந்து கிடந்தது. நனைந்தால் நிறம் போய்விடும், அந்த வருட வியாபாரமே போய்விடும்.

"மஞ்ச களத்துல கெடக்குதா?" அவர்தான் முதலில் கேட்டார்.

"கெடக்குதுங்க."

"முள்ளை எடுத்துப்போடச் சொல்றேன், லாரியை உடச் சொல்லு. உன்கூடப் பேசுனா கேசு கெட்டுப்போயிரும்னு என்ற வக்கீல் சொன்னாரு. கெட்டா கெட்டுட்டுப் போவுது."

அதே வாசகம்! அவருக்கு ஆஜரானவர் வக்கீலய்யாவின் மச்சினன். இருவரும் பேசிப் பார்த்ததில், இரண்டு பக்கத்துக்கும் மனு எழுதியவர் நம்மவரே என்பது டீ ஆறுவதற்குள் விளங்கிவிட்டது. பாதி மஞ்சள் தப்பியது. கிணற்றோரம் தகராறில் இருந்த துண்டு நிலத்தை நான் விட்டேன், தடத்தை அவர் விட்டார். கேஸ் முடிந்தது.

பிறகு வக்கீலய்யா எம்.எல்.ஏ. ஆனார். சட்டசபையில் மேசையைத் தட்டினார். தலைவர் தும்மினாலும் தட்டுவார் என்று அவர் கட்சிக்காரர்களே சொல்வார்கள். நானும் செல்லப்பனும் சொந்தச் செலவில் தடத்துக்குக் கிராவல் கொட்டினோம். அழைக்காமலே வக்கீலய்யா வந்து ரிப்பன் வெட்டி, "இந்தத் தடத்துக்காகக் கோர்ட்டுல போராடுனவன் நானு" என்று மைக்கில் முழங்கினார்.

செல்லப்பன் என் காதில், "கத்திரியைத் திருப்பி வாங்கிக்க மாப்ள, கொண்டு போயிருவாரு" என்றார்.

ஒன்றை மறுக்க முடியாது. எந்தச் சாவு வீட்டிலும் முதல் மாலை அவருடையதுதான். என் அம்மா இறந்தபோதும் வந்தார், கண் கலங்கினார். கிளம்பும்போது, "பாகப் பிரிவினையில சிக்கல்னா சொல்லுங்க" என்றார்.

நேற்று நாங்கள் இருவரும் ஒரே வண்டியில், அந்தத் தடத்தின் வழியே போய் அவருக்கு மாலை போட்டோம். அவருடைய மகன்கள் இருவரும் பந்தலின் இரண்டு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மனசு கேட்காமல் மூத்தவரிடம், "தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசீருங்க சாமி" என்றேன்.

"வேண்டாமுன்னு என்ற வக்கீல் சொல்லியிருக்காருங்க" என்றார்.

பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போனது அது. எனக்கு விட்டுப்போனது வேறு. இன்னாரோடு பேசாதே என்று எவர் சொன்னாலும், அன்றைக்கே அந்த ஆள் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.