மகளிடமிருந்து பிடுங்கிய ஸ்கேல்

கல்லூரியிலிருந்து போன் வந்தபோது நான் மறைமலை நகரில், வேலை முடிந்து தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தேன். பேசியவர் மகளின் வகுப்பு ஆலோசகர். பொறியியல் இரண்டாம் ஆண்டில் அவளுக்கு ஐந்து தாள்கள் அரியராக நிற்கின்றன, வரும் செமஸ்டரில் பெரும்பாலானவற்றை முடிக்காவிட்டால் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது, ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார். அம்மா அப்பா இருவரும் வந்து பார்க்கச் சொன்னார்.

அரியர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவள். அவள் படம் போட்டு அவளுடைய பள்ளி வைத்த ஃபிளெக்ஸ் பேனர், மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் மழையில் நைந்து போகும்வரை நின்றது. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவள் அழவில்லை. "காலேஜ விட்டு நின்னுடுறேம்பா" என்றாள். அந்த அமைதிதான் என்னை உலுக்கியது. அதன் பிறகு பல நாட்கள் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போய்த் தட்டினேன்.

கல்லூரியில் போன் செய்த அந்த ஆலோசகர் மேடத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பெற்றோரைக் கூப்பிட்டால் திட்டத்தான் கூப்பிடுவார்கள் என்பதே எங்களுக்குத் தெரிந்த வழக்கம். அவர் உட்காரச் சொல்லிவிட்டு மகளைத்தான் கேட்டார், என்னம்மா ஆகிறது என்று. எல்லாம் தெரியும், எழுத நேரம் போதவில்லை என்றாள். சாக்கு சொல்கிறாள் என்று நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. ஒரு பாடத்தில் நன்றாகத் தேறிய சீனியர்கள், அதில் தடுமாறும் ஜூனியர்களோடு மாலையில் நூலகத்தில் உட்காரும் ஏற்பாடு அந்தத் துறையில் இருந்தது. இறுதியாண்டுப் பெண் ஒருத்தியிடம் இவளை ஒப்படைத்தார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. தாம்பரத்தில் நல்ல கோச்சிங் சென்டராகப் பார்க்கலாம் என்றேன். கொஞ்சம் பொறுங்கள் என்று மனைவி தடுத்தாள்.

சில நாட்கள் கழித்து மகளை அழைத்துவரப் போயிருந்தேன். அந்தச் சீனியர் பெண்ணும் கூடவே கேட் வரை வந்தாள். ஒல்லியான, வாயாடிப் பெண். "அங்கிள், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

"சொல்லும்மா."

"உங்க பொண்ணு எக்ஸாம் எழுதல. கல்யாணப் பத்திரிகை எழுதுறா."

முதல் நாள் அவள் பாடமே எடுக்கவில்லையாம். பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். என் மகள் ஸ்கேலை எடுத்து நான்கு பக்கமும் மார்ஜின் போட்டாள். கேள்வியைக் கறுப்பு மையில் முழுதாக எழுதி அடிக்கோடிட்டாள். சூத்திரத்தைச் சுற்றிக் கட்டம் போட்டாள். நடுவில் தவறு வந்தால் அடிக்க மனமில்லாமல் புதுப் பக்கத்தில் முதலிலிருந்து எழுதினாள். தெரியாத கேள்வியைத் தாண்டிப் போகாமல் வரிசையாகவே போனாள். பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். அங்கே அழகுக்கும் மதிப்பெண் உண்டு என்பார்கள். அந்தக் கறுப்புப் பேனாக்களை டஜன் கணக்கில் வாங்கி வந்தவன் நான். கல்லூரித் தேர்வில் ஒவ்வொரு கணக்கும் இரண்டு மூன்று பக்கம் ஓடும். மணி அடிக்கும்போது பாதித் தாள் வெள்ளையாகவே இருந்திருக்கிறது.

"ஸ்கேலப் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்கப்பா," என்று மகள் முறையிட்டாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு.

பிறகு வீட்டில் அவள் எழுதிப் பழகிய தாள்கள் பார்க்கச் சகிக்காது. கோணல் வரிகள், குறுக்கே அடித்த அடிகள், பாதியில் விட்ட கணக்குகள். "என்னடி இது, கோழி கிளறின மாதிரி?" என்று அவள் அம்மா அங்கலாய்த்தாள்.

"மார்க் வரும்மா. அழகு வராது."

தேர்வு முடிவு வந்த மாலை நான் தாம்பரம் போகும் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். போனில் மகளின் பெயர் வந்தது. கூட்டத்தின் நடுவே எடுக்கத் துணிவில்லை. அடித்து ஓயவிட்டு, வண்டலூரிலேயே இறங்கி, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டேன்.

"நாலு கிளியர்ப்பா. ஒண்ணுதான் நின்னுடுச்சு. தேர்ட் இயர் போலாம்."

லைனில் இருக்கிறீர்களா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அடுத்து வந்த ரயிலையும் விட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

கல்லூரி எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் ஓரமாகப் போய் நின்றுதான் எடுக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் நான் போய்த் தட்டுவதில்லை. உள்ளே பேனா ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். ஸ்கேல் இன்னும் திரும்பி வரவில்லை. அந்தச் சீனியர் பெண் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். கேட்டால், இன்னும் ஒரு பேப்பர் பாக்கி இருக்கிறதே, அது முடியட்டும் என்கிறாளாம்.